பின்னால் எடுத்த வண்டி: ஓர் இளம் வழக்கறிஞருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அழகர்கோவில் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். பந்தி முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பிய வேளையில், எதிரெதிர் வரிசையில் நின்ற இரண்டு கார்கள் ரிவர்ஸ் எடுத்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. உன் கட்சிக்காரரின் பின் பம்பர் உடைந்து, டிக்கிக் கதவு நசுங்கிவிட்டது. முழுத் தவறும் எதிர்க் கார்க்காரருடையது என்று அவர் சாதிக்கிறார். உடனே நோட்டீஸ் அனுப்பு என்று உன்னை நெருக்குகிறார். தவறு யாருடையது, அதை எப்படி நிறுவுவது என்று கேட்டிருக்கிறாய். கடைசிப் பத்தியில், வண்டிகளுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்த மண்டபத்து வாட்ச்மேன் இடையில் மாட்டிக்கொண்டதில் அவர் காலில் அடிபட்டது என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். பிறகு அந்த வரிக்கு வருகிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

நெடுஞ்சாலை விபத்து வழக்குக்கு இருக்கும் மதிப்பு பார்க்கிங்கில் நடந்த முட்டலுக்கு நம் நீதிமன்ற வளாகத்தில் இல்லை. நீ அப்படி நினைக்காதே. பொறுப்பு என்றால் என்ன என்று படிப்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. நாற்கர சாலையில் வேகம், மழை, எதிர் வெளிச்சம், தூக்கக் கலக்கம் என்று நூறு காரணங்கள் குறுக்கே வரும். பார்க்கிங்கில் இவை ஏதும் இல்லை. வண்டி நடக்கிற மனிதனின் வேகத்தில் நகர்கிறது. நின்று பார்க்க எல்லாருக்கும் நேரம் இருக்கிறது. அப்படியும் மோதல் நடந்திருக்கிறது என்றால், யாரோ ஒருவர் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. வேலை அதைக் கண்டுபிடிப்பதுதான்.

ஆகவே, யார் வண்டி யார் வண்டியில் பட்டது என்று தொடங்காதே. பார்க்கும் கடமை யாருக்கு இருந்தது, யாரால் பார்க்க முடிந்தது, பார்த்த பிறகு யாரால் நின்றிருக்க முடிந்தது என்று வரிசையாகக் கேள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிட்டால் பங்கு தானாகவே பிரிந்துவிடும்.

மதுரையில் இந்த வகைத் தகராறு ஏன் இவ்வளவு வருகிறது என்பதற்கு ஊரின் அமைப்பே சாட்சி. கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்கு வெளியே சதுரமாக வீதிகள். மாசி வீதிகளின் அகலம் தேருக்காக. வெளி வீதிகள் 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் வந்தவை. இடையில் உள்ள சந்துகள் காரைக் கண்டிராத காலத்தவை. அங்கே சரக்கு இறக்க முன்பக்கமாக நுழைந்த டாடா ஏஸ், பின்பக்கமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். ஊருக்கு வெளியே போனால் வேறு காட்சி: மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் அரிசி ஆலைக் களத்தில் லோடு லாரி பின்னால் வரும், அறுவடை நாளில் நெல் அறுக்கும் இயந்திரம் வயலிலிருந்து தார்ச் சாலைக்குப் பின்பக்கமாக ஏறும், முகூர்த்த நாளில் மண்டப வாசல் முழுக்க வண்டியாக இருக்கும். கோடு போட்ட பார்க்கிங்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் இந்த வட்டாரத்து வழக்குகளில் பாதி உனக்குப் பிடிபடாது.

இனி சட்டம். 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் ஒழுங்குமுறையில் 31ஆவது விதி இதைத்தான் சொன்னது: பிறருக்கு ஆபத்தோ தேவையற்ற இடைஞ்சலோ வராது என்று முதலில் தன்னளவில் உறுதி செய்துகொள்ளாமல் எந்த ஓட்டுநரும் வண்டியைப் பின்னோக்கி ஓட்டக் கூடாது, வண்டியைத் திருப்புவதற்குத் தேவையான தூரத்துக்கும் நேரத்துக்கும் மேல் பின்னோக்கிப் போகவும் கூடாது. 2017இல் இந்த ஒழுங்குமுறைக்குப் பதிலாக மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன. மனுவில் விதி எண் எழுதும்போது விபத்து நாளன்று நடப்பில் இருந்தது எது என்று பார்த்து எழுது. பழைய விதியின் வாசகத்தில் 'முதலில் உறுதி செய்துகொள்ளாமல்' என்பதுதான் உயிர். சுமை, ரிவர்ஸ் எடுப்பவர் மேல்தான் முதலில் விழுகிறது. அது நியாயமும்கூட. முன்னால் போகிறவருக்கு முழுக் கண்ணாடியும் திறந்த பார்வை. பின்னால் வருகிறவருக்கு மூன்று சிறு கண்ணாடிகளும் தலைசாய்ப்புகளுக்கு இடையில் கிடைக்கும் இடைவெளியும்தான். குறைவாகப் பார்க்க முடிகிறவர் அதிகமாகக் கவனித்தாக வேண்டும்.

பார்க்கிங் தனியார் இடம், அங்கே மோட்டார் வாகனச் சட்டம் செல்லாது என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(34) பொது இடம் என்பதைப் பொதுமக்களுக்கு நுழையும் உரிமை உள்ள இடம் என்று விளக்குகிறது. 1988இலேயே பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, தனியாருக்குச் சொந்தமான இடமானாலும் பொதுமக்கள் வந்துபோகிற இடமாக இருந்தால், அந்த வரவு கட்டுப்படுத்தப்பட்டிருந்தாலும், அது பொது இடமே என்று விரிவாகப் பொருள் கொண்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் அந்த விரிந்த பார்வையையே எடுத்தது. அழைப்பிதழ் பார்த்து உள்ளே விடும் மண்டபமும் டோக்கன் கொடுத்து உள்ளே விடும் வணிக வளாகமும் இதற்குள் வரும் என்று நீ தைரியமாக வாதிடலாம். ஆனால் குற்ற வழக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. பாரதிய நியாய சம்ஹிதையின் பிரிவு 281, பொது வழியில் அஜாக்கிரதையாக ஓட்டுவதைப் பற்றியது. பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து உண்டாக்கும் செயலைப் பற்றிய பிரிவு 125 பொது வழி என்று கேட்பதில்லை. முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு போடப்பட்டிருக்கிறது என்று இந்தக் கண்ணோடு படி.

இந்தத் தகராறுகள் பெரும்பாலும் சில வகைகளுக்குள் அடங்கும். எளியது, நின்ற காரை ரிவர்ஸில் வந்த கார் இடிப்பது. இங்கே விவாதத்துக்கு அதிகம் இடமில்லை. 1960இல் ஒரு கார் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதிய வழக்கில், நிகழ்ச்சியே தவறைப் பேசும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1977இல் ஏற்றது. நின்ற காரின் மேல் பின்னால் வந்து மோதுவதும் அதே இனம். விளக்கம் சொல்லும் பொறுப்பு மோதியவருடையது. நின்ற கார் கோட்டை விட்டு அரையடி வெளியே நின்றது என்பது மட்டும் அவரைக் காப்பாற்றாது. அது வளைவில் பார்வையை மறைத்து நின்றதா, போகும் பாதையை அடைத்ததா என்று பார். அப்படி இருந்தால்தான் ஒரு பங்கு அதன் மேல் போகும். கை பிரேக் போடாமல் விட்டுச் சரிவில் தானாக உருண்ட வண்டி வேறு கதை. எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, தானாக நகராதபடி விட்டுப் போவது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 126 சுமத்தும் கடமை.

அடுத்தது, வரிசையிலிருந்து பின்னால் வெளியே வருகிற கார் நடுப்பாதையில் போகிற வண்டியோடு மோதுவது. பாதையில் போகிறவருக்கு முன்னுரிமை, ரிவர்ஸ் எடுத்தவர் மேல் பெரும் பங்கு என்று தொடங்கு. பிறகு பாதையில் வந்தவரைப் பார். ஒருவழி அம்புக்கு எதிராக வந்தாரா? வெள்ளை ரிவர்ஸ் விளக்கு எரிவதைப் பார்த்தும் ஹாரன் அடித்துக்கொண்டே நுழைந்தாரா? நம் ஊரில் இதன் தனி வடிவம் இரு சக்கர வண்டி. கார் பாதி வெளியே வந்த பிறகும் பின்பக்க இடைவெளியில் புகுந்து போகிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு. அவர் பக்கமும் பங்கு இருக்கலாம். ஆனால் கார்க்காரர் 'திடீரென வந்தான்' என்று சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து வந்தான், நீங்கள் அப்போது எந்தக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேள். மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர். ஒரே கண்ணாடியை இரண்டு நொடி பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி கிட்டத்தட்ட மூன்று மீட்டர் பின்னால் போயிருக்கும். பக்கத்து வண்டியின் வாலைத் தாண்டி ஓட்டுநரின் கண் வெளியே வருவதற்குள் அவர் வண்டியின் பின்பகுதி ஏறக்குறைய இரண்டு மீட்டர் பாதைக்குள் நீண்டிருக்கும். இந்தக் கணக்கைக் குறுக்கு விசாரணையில் பொறுமையாக எடுத்து வை. சாட்சிக் கூண்டில் இருப்பவருக்கும் அப்போதுதான் தன் வண்டி என்ன செய்தது என்று புரியும்.

உன் வழக்கு, எதிரெதிர் வரிசையிலிருந்து இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் வந்தது. இருவருக்கும் ஒரே கடமை, இருவரும் தவறினார்கள் என்றால் பாதிக்குப் பாதி என்பதுதான் தொடக்கப் புள்ளி. அதை நகர்த்த இரண்டே வழி. ஒருவர் முன்பே முழுதாக வெளியே வந்து பாதையில் நேராகி நின்றார் என்றால், மற்றவர் நின்ற வண்டியின் மேல் வந்து மோதியவர் ஆகிவிடுவார். ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டார் என்று காட்ட முடிந்தாலும் பங்கு மாறும். 'நான் நின்றுவிட்டேன் சார்' என்று இருவருமே சொல்வார்கள். பம்பர் இதைச் சொல்லாது. நசுங்கல் ஆழமாக உள்ள காரைத்தான் வேகமாக வந்த வண்டி முட்டியது என்று வாதிடும் வழக்கறிஞர்களைப் பார்ப்பாய். அது தப்பு. மோதும்போது இரண்டு வண்டிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஒரே அளவு விசையைத்தான் செலுத்துகின்றன; எந்தத் தகடு மெலிந்ததோ அது அதிகம் நசுங்கும். நின்றவர் யார் என்பதற்கு வண்டிகள் நின்ற இடத்தைப் பார்: வரிசையிலிருந்து எது எவ்வளவு தூரம் வந்திருந்தது? வீடியோ கிடைத்தால் விளக்குகளைப் பார்: வெள்ளை ரிவர்ஸ் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அவர் மிதித்திருக்கிறார்.

இன்னொரு வகையைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்துக்கொண்டு பின்னால் வரும்போது வண்டியின் மூக்கு மறுபக்கம் வீசும். இடது பக்கம் ஒடித்து வந்தால் முன் வலது முனை வெளியே போகும். ஓட்டுநர் பின்னால் பார்த்துக்கொண்டிருக்க, முன் முனை பக்கத்துக் காரின் கதவைக் கீறிவிடும். 'நான் பின்னால்தானே வந்தேன், முன்பக்கத்தில் எப்படி இடிக்கும்' என்று அவர் உண்மையாகவே நம்புவார். கீறல் தொடங்கும் இடமும் முடியும் இடமும் உனக்கு விடை சொல்லும். சக்கரத்தில் உராய்வு இருந்தால் இன்னும் தெளிவு: ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தில் தழும்பு வட்டமாகச் சுற்றிப் பதியும், நின்ற சக்கரத்தில் ஒரே இடத்தில் நேராக விழும். டிங்கரிங் பட்டறைக்கு வண்டி போவதற்கு முன் இவற்றைப் படம் எடுக்கச் சொல். பம்பரின் உயரத்தைத் தரையிலிருந்து நாடா வைத்து அளந்து, அளவு தெரியும்படி எடு.

எந்த வகையானாலும் நீயே இடத்துக்குப் போ. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். விபத்து நடந்த அதே நேரத்தில் போய், ஓட்டுநர் உட்கார்ந்த உயரத்தில் உன் கண்ணை வைத்துப் பார். தூண் எங்கே இருக்கிறது, ஜெனரேட்டர் வண்டி எங்கே நின்றது, பந்தலின் தொங்கல் துணி எதை மறைத்தது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள். மண்டபத்தின் சிசிடிவி பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்து அடுத்த பதிவு ஏறிவிடும். ஆகவே நோட்டீஸுக்கு முன்பே, பதிவைப் பாதுகாத்து வைக்கக் கேட்டு மண்டபத்துக்கு எழுத்தில் கொடு. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஏற்க பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63(4) கேட்கும் சான்றிதழ் வேண்டும்; பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொண்டு சான்றிதழை மறந்துவிட்டால் கையில் இருப்பது சாட்சியம் ஆகாது. புதிய கார் என்றால் சென்சாரைப் பற்றியும் கேள். 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். அது கத்தியதா, கத்திய பிறகும் ஏன் நகர்ந்தார் என்பது நல்ல கேள்வி. ஆனால் மெலிந்த கம்பியையும் தாழ்வாக உள்ள பொருளையும் அது தவறவிடலாம் என்பதையும் நினைவில் வை. சென்சார் கத்தவில்லை என்பது பார்க்காததற்குச் சாக்கு ஆகாது.

அடுத்து மண்டபத்துக்காரர். 'வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்' என்ற பலகை அவருக்கு முழுக் கவசம் என்று எல்லாரும் நம்புகிறார்கள். டெல்லியில் ஒரு நட்சத்திர விடுதி ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய மாருதி ஜென் கார் 1998இல் திருட்டுப் போனது. பலகையும் சீட்டில் அச்சிட்ட வாசகமும் விடுதியைக் காப்பாற்றாது, சாவியை வாங்கிக்கொண்டவர் வண்டியை அக்கறையோடு காக்கக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. அது திருட்டு வழக்கு, சாவியை ஒப்படைத்த வழக்கு. மோதலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் இருட்டான பார்க்கிங், இடம் கொள்ளாத அளவுக்கு உள்ளே விட்ட வண்டிகள், பயிற்சி இல்லாமல் வாசலில் நிறுத்தப்பட்ட ஆள் ஆகியவற்றுக்கு இடத்தை நடத்துபவர் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும் என்பதற்கு அந்தத் தீர்ப்பின் போக்கு உனக்கு உதவும். 'வாங்க, வாங்க' என்று ஒருவர் கைகாட்டியதால் ஓட்டுநரின் கடமை அவர் கைக்கு மாறிவிடாது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்.

இப்போது உன் கட்சிக்காரரின் பம்பருக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டு. பம்பர் விலை 6,000 ரூபாய் என்று வை. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிப்பார்கள், மீதி 3,000. 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 போக அந்தப் பாகத்துக்கு வருவது 2,000. 'பம்பர் டு பம்பர்' பாலிசி இருந்தால் தேய்மானம் மிச்சம். ஆனால் க்ளெய்ம் போட்டால் நோ க்ளெய்ம் போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கும். அவர் 50 சதவீத போனஸில் இருந்து, போனஸ் கழிப்பதற்கு முன் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 10,000 என்றால், அடுத்த ஆண்டு 5,000 கூடுதலாகக் கட்டுவார். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50ஐத் தொடும்வரை மொத்தக் கூடுதல் 12,500 ரூபாய். எதிர்க் காரின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டில், சொத்துச் சேதத்துக்குப் பொதுவாக உள்ள 7.5 லட்சம் வரம்புக்குள், தீர்ப்பாயத்தில் கேட்க வழி உண்டு. அதற்கு வாய்தாவுக்கு வாய்தா அலைய வேண்டும். இருவருமே ரிவர்ஸில் வந்த வழக்கில் பாதிதான் கிடைக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி அவர் கையில் கொடு. பெரும்பாலும் இரு குடும்பங்களும் ஒரே கல்யாணத்துக்கு வந்தவர்கள். எங்கோ உறவு முறை இருக்கும். இருவரும் அவரவர் செலவைப் பார்த்துக்கொள்வோம் என்று எழுதிக் கையெழுத்திட்டு முடிப்பது இந்த வழக்கில் தோல்வி ஆகாது. கட்சிக்காரரின் கோபத்துக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்து ஃபீஸ் வாங்குவது எளிது. அப்படிச் சம்பாதித்துக் கட்டுகிற பெயர் நிலைக்காது.

இனி உன் கடைசிப் பத்தியில் இருந்த மனிதர். உன் கடிதத்தில் மிகப் பெரிய வழக்கு அந்த ஒரு வரிதான், தம்பி. இரண்டு கார்களுக்கும் இடையில் நின்றவர், அன்று கூலி வாங்கிக்கொண்டு வெயிலில் நின்று கைகாட்டியவர். கால் எலும்பு முறிந்திருந்தால் சட்டத்தில் அது கொடுங்காயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 164இன்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலே 2.5 லட்சம் ரூபாய் கேட்க அவருக்கு உரிமை உண்டு. தவறை நிரூபித்துப் பிரிவு 166இல் போனால் வருமான இழப்பு, சிகிச்சைச் செலவு, வலி, ஊனம் எல்லாவற்றுக்கும் கேட்கலாம். 2019 திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் 166இன்கீழ் மனுவுக்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. அதைத் தாண்டவிடாமல் மனுப் போட்டுவிடுவதே அவருக்குப் பாதுகாப்பு.

இரண்டு கார்களின் ஓட்டுநர்கள் தங்களுக்குள் பாதிக்குப் பாதி என்று சண்டை போடலாம். வாட்ச்மேனைப் பொறுத்தவரை அது கூட்டுக் கவனக்குறைவு. முழு இழப்பீட்டையும் இரண்டு பேரில் யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதை 2015இல் கென்யெய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. காயப்பட்டவரே தவறில் பங்கு கொண்டிருந்தால்தான் அவர் தொகை குறையும். இரண்டு வண்டிக்கு நடுவில் ஏன் நின்றார் என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்பார். அங்கே நிற்கச் சொன்னது அவருடைய வேலை என்பது அதற்குப் பதில். அவர் இடத்தில் ஒரு சின்னக் குழந்தை இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிருக்காது. சிறு குழந்தையின் மேல் பங்களிப்புக் கவனக்குறைவைச் சுமத்த நம் நீதிமன்றங்கள் இசைவதில்லை. பின்னால் வரும் வண்டிக்கு முதலில் பலியாகிறவர்கள் நடப்பவர்களும் உட்கார்ந்து வேலை செய்பவர்களும் குழந்தைகளும்தான். அமெரிக்காவில் 2018 மே முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் பின்பக்கக் கேமரா கட்டாயமானதற்குக் காரணம், வீட்டு வாசலிலேயே நசுங்கிய குழந்தைகளின் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் போராடியது.

இங்கே உனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ரிவர்ஸ் எடுத்தவர்களில் ஒருவருக்கு நீ வழக்கறிஞர். அதே விபத்தில் காயப்பட்டவருக்கு நீ வாதாட முடியாது. ஆனால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. காயப்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்வதும், காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்வதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 134இன்படி ஓட்டுநரின் கடமை என்று உன் கட்சிக்காரருக்கு இன்றே சொல். வாட்ச்மேன் அரசு மருத்துவமனைக்குப் போனாரா, அங்கே விபத்துப் பதிவேட்டில் ஏறினாரா என்று விசாரி. அந்த ஏ.ஆர். காப்பி இல்லாமல் ஆறு மாதம் கழித்து அவர் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால், காயம் இருக்கும்போது முதல் தகவல் அறிக்கை கேட்க உரிமை உண்டு என்று அவர் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. அங்கே போகச் சொல். வழிகாட்டுவது உன் கட்சிக்காரருக்குத் துரோகம் ஆகாது. அவர் காப்பீட்டுக்குக் கட்டிய பணம் இதற்குத்தான்.

உன் கட்சிக்காரர் தயங்கலாம். வாட்ச்மேன் விஷயத்தை வெளியில் எடுக்காதே, ரெண்டாயிரம் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம் என்பார். ஓட்டியது மகன், அவனுக்கு லைசென்ஸ் இல்லை, நானே ஓட்டியதாகப் போட்டுவிடு என்றும் சிலர் கேட்பார்கள். எதிர்ப்பக்கம் போனால் அங்கே இல்லாத காயத்தை உண்டாக்கித் தருகிறேன் என்று சொல்பவர்களும் இருப்பார்கள். இவை எல்லாமே ஒரே பாவம். உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்துக் கோரிக்கைகளைச் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரிக்கும் அளவுக்கு நிலைமை போனது. வழக்கறிஞர்கள் மேல் புகார் இருந்தும் அக்கறை காட்டாத அந்த மாநில பார் கவுன்சிலை 2021இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. ஒரு போலிக் கோரிக்கை கண்டுபிடிக்கப்பட்டால், அடுத்து வரும் பத்து உண்மையான கூலிக்காரர்கள் தீர்ப்பாயத்தில் சந்தேகத்தோடு பார்க்கப்படுவார்கள். அந்தக் கேட்டை நம் தொழில் தாங்கக் கூடாது.

ஒன்றை நீ உன் கட்சிக்காரர்களுக்கும் உன் வீட்டுக்கும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் ஹைவே கோடில் 201ஆம் விதி, வீட்டு வாசலில் முடிந்தால் ரிவர்ஸில் உள்ளே போய் முன்பக்கமாக வெளியே வா என்று சொல்கிறது. நம் மண்டபத்துக்கும் கடைவீதிக்கும் அது அப்படியே பொருந்தும். உள்ளே போகும்போது காலி இடத்தைக் கண்ணால் பார்த்தபடிதான் கடக்கிறோம். கிளம்பும்போதோ பாதையில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அவசரத்தில் கிளம்புகிற அந்த நேரத்தில் முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வருவது எவ்வளவோ மேல். முகூர்த்த நாளில் வண்டிகளை இப்படி நிறுத்தச் சொல்லி ஒரு மண்டபத்துக்காரரை நீ சம்மதிக்க வைத்தாலும் ஒருவர் கால் தப்பும்.

நாளைக் காலையில் மண்டபத்துக்குப் போ. சிசிடிவி பதிவைக் கேட்டு எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கு. வாட்ச்மேனின் வீட்டை விசாரித்து, அவருக்கு வழக்கறிஞர் கிடைத்தாரா என்று தெரிந்துகொள். பிறகு உன் கட்சிக்காரரை உட்கார வைத்து, பின்னால் வந்த நீங்கள் இருவரும் பார்க்கவில்லை, அதனால் ஒருவர் கால் முறிந்திருக்கலாம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அதைச் சொல்ல உனக்கு வருமானால் இந்தத் தொழிலில் நீ எந்தத் தீர்ப்பாயத்திலும் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உன் மூத்த சக வழக்கறிஞர்